பூட்டாத பகுதி

மணல்மேட்டுத் துறையில் கிரேன் ஓட்டுபவர்கள் கிரேனில் ஏறுவதை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி எழுப்பிய ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், குளிரூட்டிய அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவர்கள் நாற்பது டன் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி லாரிகளின் முதுகில் வைத்தார்கள். உயரம் போனதும் உயரத்தைப் பற்றிய பயம் போயிற்று. கூடவே மரியாதையிலும் பாதி போயிற்று என்பது மூத்தவர்களின் கருத்து. மிச்சப் பாதியை ஒரு விளையாட்டு தீர்மானித்தது.

அது முதலில் பொழுதுபோக்குக்காகச் செய்யப்பட்ட விளையாட்டுதான். ஆடும் படகின் மேல் வண்ணப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கிரேனுக்குத் தேவையான கண்ணையும் கையையும் அது அப்படியே சோதிக்கிறது என்று யாரோ கண்டுபிடித்த நாளிலிருந்து, விளையாட்டு வேலையாகிவிட்டது. ஒவ்வொருவரும் காலையில் பன்னிரண்டு நிமிடம் கையடக்கக் கருவியில் ஆட வேண்டும். பயிற்சிக்கு வீட்டில் ஒரு மேசைக் கணினி. நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே தொடர்ந்து மூன்று நாள் எடுத்தவர் இருக்கையிலிருந்து இறக்கப்பட்டு, பெட்டிகளுக்குக் கயிறு கட்டும் தரைவேலைக்கு அனுப்பப்படுவார். மூன்று மாதம் கழித்து மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு திரும்பலாம் என்று விதி சொன்னது. ஐம்பது வயதைத் தாண்டி இறங்கியவர் எவரும் அதுவரை திரும்பியதில்லை.

நாற்பத்தொரு கையடக்கக் கருவிகளையும் நாற்பத்தொரு மேசைக் கணினிகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஓட்டுநர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் ஜெசிந்தாவுக்கு இருந்தது. தினமும் மதிப்பெண் பட்டியலை ஒட்டுபவள் என்பதால் அவளுக்கு டீச்சரம்மா என்று பெயர். அவளுடைய அக்கா லூர்தின் கணவர் கஸ்பாரும் அந்த நாற்பத்தொருவரில் ஒருவர்.

முந்தைய ஆண்டு துறையை நடத்திய நிறுவனம் எல்லாக் கருவிகளுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் ஏதோ புதுப்பிப்பு அனுப்பியது. மறுநாள் முதல் ஒன்பது பேருக்கு மதிப்பெண் சரிந்தது. இரண்டு மாதம் அவர்கள் கீழே கயிறு கட்டிக்கொண்டிருந்த பிறகுதான், பொத்தானை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு தாமதம் நுழைந்திருந்தது தெரிய வந்தது. எதை, யார், எப்போது மாற்றினார்கள் என்பதை எவராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆகவே சங்கம் இனி தன் கருவிகளுக்குத் தானே ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தது. ஜெசிந்தா பதினொரு பக்க ஒப்பீடு தயாரித்தாள். அதை முழுவதும் படித்தவள் அவள் ஒருத்திதான்.

"டிஸ்ட்ரோ, டிஸ்ட்ரோன்னு நாலு எடத்துல எழுதியிருக்கீங்க டீச்சரம்மா. அப்படின்னா என்ன?" என்றார் பேச்சிமுத்து, கூட்டத்தில். நாற்பது வயதுக்காரர், சங்கத்தில் மிக வேகமான கையும் மிக நீளமான நாக்கும் அவருடையவை.

"லினக்ஸ் ஒண்ணுதான். ஆளாளுக்கு ஒரு விதமாக் கட்டிக் குடுக்காங்க. ஒரே மைதா, வேற வேற புரோட்டாக் கடை."

"நமக்கு எந்தக் கடை?"

"அதுக்குத்தான் பதினொரு பக்கம். முதலாவது வழக்கமான வகை. கடவுச்சொல் தெரிஞ்சவங்க உள்ள போயி எதையும் மாத்தலாம். மத்த ரெண்டும் மாறா வகை. அடிப்பாகம் பூட்டியிருக்கும், யாரும் ஒரு ஆணியக்கூடத் தனியாக் கழட்ட முடியாது. புதுசு வந்தா முழுசா வரும். பிடிக்கலைன்னா அப்படியே பழசுக்குத் திரும்பிக்கலாம்."

"கட்டின பொண்டாட்டிக்கு இந்த வசதி இல்லியே," என்றார் பேச்சிமுத்து. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கஸ்பார் எழுந்தார். கூட்டங்களில் பேசாதவர் என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பூட்டுனதுதான் வேணும். கம்பெனியும் கை வைக்கக் கூடாது, நாமளும் கை வைக்கக் கூடாது. நாளைக்கு ஒருத்தனுக்கு மார்க்கு கொறஞ்சா மிஷின் மேல பழி போட வழியே இருக்கக் கூடாது."

பெரிய கைதட்டல் எழுந்தது. கம்பெனி என்ற சொல்லுக்குப் பிறகு வந்ததை யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை.

பூட்டிய வகைகள் இரண்டில் ஒன்று கையடக்கக் கருவியில் அருமையாக ஓடியது. மேசைக் கணினியில் அடிக்கடி முறுக்கிக்கொண்டது. மற்றது எதிலும் அருமை இல்லை, ஆனால் இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொண்டது. ஜெசிந்தா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். ஒரே மாதிரி இருப்பதுதானே நியாயம்.

அதன் பிறகு ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஒவ்வொரு காலையும் ஆட்டம் தொடங்குமுன் கருவியின் திரையில், பூட்டிய அடிப்பாகத்தின் அடையாளமாக ஆறு எழுத்தும் எண்ணும் தோன்றும். ஓர் அணுவளவு மாறினாலும் அவை வேறாகிவிடும். ஒரு பணிவேளைக்கு வந்த இருபது ஆண்கள், ஆளுக்கொரு கருவியுடன் வரிசையில் நின்று, அந்த ஆறையும் ஒரே குரலில் உரக்க வாசிப்பார்கள். நிறுவனத்தின் மேலாளர் கண்ணாடிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஏழு மாதம் ஒரு தகராறும் வரவில்லை.

எட்டாவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கஸ்பாருக்கு நாற்பத்தொன்று வந்தது.

ஜெசிந்தா பட்டியலை ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தாள். முந்தைய வாரம் முழுவதும் எண்பத்தைந்துக்குக் குறையாதவர். செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்பது. அன்று மதியம் அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"ஜெசி, மிஷின்ல என்னமோ கோளாறு இருக்கு பாத்துக்கோ. நேத்து சாயங்காலம் வீட்டுல நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன், எண்பத்தெட்டு எடுத்தாரு. அங்க வந்தா நாப்பத்தொண்ணுன்னா எப்படி? ரெண்டு எடத்துலயும் ஒரே மனுசன்தான?"

"அத்தான் என்ன சொல்றாரு?"

"அவரு என்ன சொல்லுவாரு. விடுன்னு சொல்றாரு. விட்டுட்டா நாளையோட மூணு நாளு. அம்பத்திமூணு வயசுல கயிறு கட்டவா போவாரு? நீ அங்க எதுக்கு இருக்க?"

நீ எதற்கு இருக்கிறாய் என்பது ஜெசிந்தாவுக்கும் நியாயமான கேள்வியாகவே பட்டது. அவள் கருவியை எடுத்து வைத்துக்கொண்டாள். ஆறு எழுத்துகளும் சரியாக இருந்தன. அடிப்பாகத்தை முந்தைய நிலைக்குத் திருப்பிவிட்டு, பணி முடிந்து இறங்கிய கஸ்பாரைக் கூப்பிட்டு ஆடச் சொன்னாள். நாற்பத்துமூன்று. மறுபடியும் புதியதற்கு மாற்றினாள். நாற்பது. வேறு கருவியைக் கொடுத்து, அதில் அவருடைய கணக்கைத் திறந்தாள். முப்பத்தெட்டு. அவருடைய கருவியில் பேச்சிமுத்துவின் கணக்கைத் திறந்து பேச்சிமுத்துவையே ஆட வைத்தாள். தொண்ணூற்றொன்று.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா," என்றார் பேச்சிமுத்து. "அண்ணனுக்கு நைட்டு மீனு சரியில்லையோ என்னமோ."

"விடு ஜெசி," என்றார் கஸ்பார். "மிஷின் சரியா இருக்குன்னா நான்தான் சரியில்ல. அவ்வளவுதான விதி."

"வீட்டுல எண்பத்தெட்டு எடுத்திருக்கீங்க அத்தான்."

அவர் கைகளைக் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வீட்டிலும் துறையிலும் ஒரே அடிப்பாகம். ஒரே விளையாட்டு. ஒரே கை. இந்த மூன்றும் சமமாக இருக்கையில் எண்பத்தெட்டும் நாற்பதும் சமமாக இல்லாமல் போவதற்குக் காரணம் இருந்தே தீர வேண்டும். அவளே எழுதிய பதினொரு பக்கத்தை மறுபடி படித்தாள். ஏழாம் பக்கத்தில், அடிக்குறிப்பில், ஒரு வாக்கியம் இருந்தது: பூட்டு என்பது அடிப்பாகத்துக்கு மட்டுமே, பயனரின் சொந்தக் கோப்புகள் அவரவர் கோப்புறையில் இருக்கும், அவை பூட்டப்படுவதில்லை.

அவள் கஸ்பாரின் கோப்புறையைத் திறந்தாள். விளையாட்டு அதற்குள் தனக்கென ஒரு கோப்பு வைத்திருந்தது. வீட்டுக் கணினியில் அது பெரியது, மூன்று ஆண்டுப் பழையது. கையடக்கக் கருவியில் அது மிகச் சிறியது. ஞாயிற்றுக்கிழமை மாலைதான் பிறந்திருந்தது. இரண்டு இடத்துக் கோப்புகளும் தாமாகவே ஒன்றையொன்று பார்த்துச் சமமாகிக்கொள்ள வேண்டும். இங்கே அந்த ஏற்பாடு அறுந்துபோயிருந்தது. அறுவது புதிதல்ல, மாதத்துக்கு ஒருவருக்காவது அறும். அவள் பெரிய கோப்பைக் கருவிக்கு நகலெடுத்து, அறுந்த இணைப்பைச் சேர்த்துவைத்தாள். எல்லாம் இரண்டு நிமிட வேலை.

புதன்கிழமை எண்பத்தாறு வந்தது.

அக்கா நெய்மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். பேச்சிமுத்து, "டீச்சரம்மா மார்க்கு போடுவாங்கன்னுதான் நெனச்சேன், மார்க்கு வாங்கியும் குடுக்காங்க," என்றார். கஸ்பார் பட்டியலைப் பார்த்தார், தன் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது நன்றியா, கோபமா என்று அவளுக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டாள்.

பதினாறு நாள் கழித்து, காற்று பலமில்லாத ஒரு முற்பகலில், கஸ்பார் இறக்கிய பெட்டி லாரியின் முதுகுக்குப் பதிலாக அதன் தலையில் அமர்ந்தது. லாரி ஓட்டுநர் இசக்கி பீடி வாங்குவதற்காக ஒரு நிமிடம் முன்புதான் இறங்கியிருந்தான். முன்கூண்டின் கூரை, தட்டில் வைத்த அப்பளம்போல நொறுங்கிக் கிடந்தது. விசாரணை முடியும்வரை இரண்டு நாள் கஸ்பாரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அன்று காலை அவர் எடுத்திருந்தது எண்பத்தேழு என்பதால் மேலாளர்கூட கிரேனின் கம்பியைத்தான் சந்தேகித்தார்.

ஜெசிந்தா அந்தக் கோப்பை இப்போதுதான் முழுவதும் திறந்து படித்தாள். முன்பு அளவை மட்டுமே பார்த்திருந்தாள். உள்ளே வரிசை வரிசையாக எண்கள்: வலது கட்டைவிரல், எந்தப் பக்கம், எவ்வளவு பிசகு, எவ்வளவு கழிக்க வேண்டும். விளையாட்டு தன்னை ஆடுபவரின் கையைக் கற்றுக்கொண்டு, அவருடைய நடுக்கத்தைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் திரைக்கு அனுப்பியது. ஆடுபவர் மனம் நோகக் கூடாது என்று அதைச் செய்தவர்கள் காட்டிய கருணை அது. கிரேனுக்கு அந்தக் கருணை கற்பிக்கப்படவில்லை. கஸ்பாரின் கோப்பில் கழிக்க வேண்டிய அளவு மூன்று ஆண்டாக, மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்திருந்தது.

மற்ற நாற்பது கோப்புகளையும் திறந்தாள். கழிக்க எதுவும் இல்லாதவர்கள் பதிமூன்று பேர்.

பிறகு, குழப்பம் தீர்வதற்குப் பதிலாக இன்னொன்று முளைத்தது. கருவியின் பதிவேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக, இணைப்பு அறுந்தது என்று இல்லை. இணைப்பு நிறுத்தப்பட்டது, கோப்பு அழிக்கப்பட்டது என்று இருந்தது. செய்தவர் பெயரும் இருந்தது. மதிப்பெண்ணைக் கூட்டப் பார்ப்பவர்களுக்கு எதிராகத்தான் அவள் எல்லாப் பூட்டுகளையும் தேடிப் பிடித்துப் போட்டிருந்தாள். குறைத்துக்கொள்ள ஒருவர் முயல்வார் என்பது பதினொரு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு அவள் கருவியுடன் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். கஸ்பார் மேசைக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை இருட்டாக இருந்தது.

"அந்தக் கோப்ப நீங்களா அழிச்சீங்க?"

"ரெண்டு நாள் ஒழுங்கா நடந்துச்சு," என்றார் அவர். "மூணாவது நாளு நீ வந்து சரிபண்ணிட்ட."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"போன வருசம் ஒரு நாள் அவசரத்துல, கணக்கத் தொறக்காம விருந்தாளின்னு போட்டு ஆடுனேன். அம்பது வந்துச்சு. மறுபடி ஆடுனேன், நாப்பத்தெட்டு. எங்கணக்கத் தொறந்தா எண்பத்தாறு. பத்துத் தடவ மாத்தி மாத்திப் பாத்தேன். என்னடா இது, ஒரே கைதானன்னு கொஞ்ச நாளு கொழம்புனேன். அப்புறம் டீ கிளாஸப் பிடிக்கும்போது கையப் பாத்தேன். அதோட கொழப்பம் போயிட்டு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தான்."

"யாருகிட்ட?"

அவள் கையிலிருந்த கருவியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கை நடுங்குதுன்னு நானாச் சொன்னா, கஸ்பாரு பயந்துட்டாம்பான். மிஷின் சொன்னா அது மார்க்கு. நானா எறங்குனா ஒங்க அக்கா மூணு மாசம் அழுவா. மிஷின் எறக்குனா மிஷினத் திட்டிக்கிட்டே சோறு போட்டுருவா. அதுக்குத்தான கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னேன், பூட்டுனது வேணும்னு. ஒருத்தனும் வந்து, அண்ணன் மேல தப்பில்ல மிஷின்தான்னு தூக்கி நிறுத்திரக் கூடாதுன்னு. நீங்க எல்லாம் கம்பெனியச் சொல்றேன்னு கை தட்டுனீங்க."

"நானும் தட்டினேன்."

"தெரியும். பாத்தேன்."

"அப்ப மறுபடி அழிச்சிருக்கலாம்ல? பதினாறு நாள் இருந்துச்சு."

"அழிச்சா நீ மறுபடி சரிபண்ணுவ. ஒனக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம்." நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பினார். "அது மட்டும்னு சொன்னா பொய். எண்பத்தாறப் பாத்ததும் மனசு ஆசப்பட்டுட்டு. நெசமாவே சரியாயிட்டோன்னு நெனச்சேன். தெரிஞ்சே நெனச்சேன் பிள்ள. இசக்கிக்கு மட்டும் அந்த நேரத்துல பீடி தீந்துபோவலேன்னா."

ஜெசிந்தா கருவியை மேசைமேல் வைத்தாள். முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதியுள்ள ஒன்றைத் தேடித்தான் அவள் இதைத் தேர்ந்தெடுத்தாள். அது திருப்புவது அடிப்பாகத்தைத்தான். பதினாறு நாளுக்கு முன் அவள் செய்த உதவியைத் திருப்ப அதற்கு வழி தெரியாது.

"இப்பவே அழிச்சிடுறேன். ரெண்டு எடத்துலயும்."

"நீ வீட்டுல உள்ளத அழி. இத நான் அழிக்கேன்."

மேசைக் கணினியில் அவள் அழித்து முடித்தாள். கருவியில் அவர் கோப்பைத் தேடிப் பிடித்தார். நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள் நெருக்கமாக இருந்தன: ஆம், வேண்டாம். கஸ்பாரின் கட்டைவிரல் இறங்கியது; வேண்டாம் என்பதன்மேல் விழுந்தது. மறுபடி கோப்பைத் தேடினார். மறுபடி வேண்டாம். விளையாட்டுக்கு வெளியே கழித்துக்கொடுக்க யாரும் இல்லை. விரல் மட்டுமல்ல, கருவியே அவர் கையில் ஆடிக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். எட்டு ஆண்டாக வாரம் ஒருமுறை இந்த வீட்டில் சாப்பிடுபவள்.

"இதுக்கும் ஒரு மார்க்கு போட்டுக்கோ," என்றார்.

"குடுங்க அத்தான், நான் அமுக்குறேன்."

"வேண்டாம்."

அவள் கருவியை வாங்கவில்லை. இரண்டு கையாலும் அதன் ஓரங்களைப் பற்றி, மேசையோடு சேர்த்து அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் விரலைக் கொண்டுவந்தார். அது சுற்றிச் சுற்றி வந்து, ஓர் இடத்தில் நிதானித்து, ஆம் என்பதன்மேல் இறங்கியது.

வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. பையைக் கீழே வைக்குமுன்பே கருவியைப் பார்த்துவிட்டாள்.

"வந்துட்டியா. சரியாச்சா?"

"சரியாச்சு," என்றார் கஸ்பார்.

விசாரணையில் கம்பிமீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. கஸ்பார் மறுபடி ஆட வந்த மூன்று காலைகளிலும், ஆட்டம் முடிந்ததும் தலைவலி என்று சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டு இருக்கைக்குப் போகாமல் இருந்துகொண்டார். நாற்பது, முப்பத்தேழு, நாற்பத்திரண்டு. நான்காம் நாள் அவர் தரைவேலைக்கு இறங்கினார். அக்கா ஜெசிந்தாவிடம் பேசுவதை நிறுத்தினாள். எந்த மிஷினையும் சரிசெய்யத் தெரியாதவள் என்று உறவினர்களிடம் சொல்லிவந்தாள். ஜெசிந்தா அதை மறுக்கவில்லை.

மீதமிருந்த இருபத்தேழு கோப்புகளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சங்கத்துக்கு எழுதினால் மூன்றே நாளில் பாதித் துறை கயிறு கட்டப் போகும். நிறுவனம் இருக்கைகளுக்கு வேறு ஆட்களைக் கொண்டுவரும். எழுதாவிட்டால் இன்னோர் இசக்கிக்கு வேளை தவறாமல் பீடி தீர வேண்டும். அறிக்கையின் முதல் வாக்கியத்தை அவள் நான்கு விதமாக எழுதினாள். நான்கும் இலக்கணப்படி சரியாக இருந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் பேச்சிமுத்து அவளுடைய அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி அவள் பார்த்ததில்லை.

"கஸ்பார் அண்ணன் எதையோ அழிச்சிட்டாரு, இல்லியா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. மிஷின் மாறல, அதத்தான் தெனமும் தொண்ட கிழியக் கத்துதோமே. கேமும் மாறல. மனுசன் ஒரு ராத்திரியில பாதியாக் கொறைவானா?"

அவர் உட்கார்ந்தார். கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவருடைய கோப்பில் என்ன எண் இருக்கிறது என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். நாற்பது வயதுக்கு அது பெரிய எண்.

"அது எங்க இருக்குன்னு மட்டும் காமிங்க டீச்சரம்மா. அழிக்கச் சொல்லல. பாக்கணும்."

ஜெசிந்தா திரையை அவர் பக்கமாகத் திருப்பினாள். அப்போது கதவின் கண்ணாடி வழியே, வெளியே அறிவிப்புப் பலகைக்கு முன்னால் இருவர் நின்று கவனமாக வாசித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் மூன்றாவது ஆள் ஒருவர், அவளுடைய கதவைப் பார்த்தபடி, தன் முறைக்காகக் காத்திருந்தார். பலகையில் அன்று எதுவும் ஒட்டப்பட்டிருக்கவில்லை.